மேசைக்காரர்

உள்ளே வாருங்கள் தம்பி. செருப்பு இருக்கட்டும், பரவாயில்லை. கட்டிலில் உட்காருங்கள். என்ன அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறீர்கள்? இன்னொரு ஆளைத் தேடுகிறீர்களா? இங்கே இன்னொரு ஆள் கிடையாது. இந்த அறையில் நான் ஒருவன்தான்.

உங்கள் வீட்டு அம்மணி தண்ணீர்க் குழாயடியில் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. "அந்தப் பெரியவர் ரூம்புல மத்தியானமானா ரெண்டு ஆம்பளைங்க சண்டை போடறாங்க. ஒருத்தர் நம்ம பெரியவரு. இன்னொருத்தர் யாருன்னே தெரியல, என்னா திமிருங்கறீங்க!" சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். திமிராகத்தான் பேசுவார் அவர். பேசத் தெரிந்தவர், பேசுகிறார்.

நீங்கள் வந்தது அதைக் கேட்க அல்ல என்றும் தெரியும். வீட்டுக்காரர் தெய்வசிகாமணி இந்த மாதக் கடைசியில் உங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது? இந்த லைன் வீட்டில் வாயுள்ளவன் நான் ஒருவன்தான், ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். நல்ல நினைப்பு. ஆனால் வாசலிலேயே நின்று தயங்கினீர்கள் பாருங்கள், அதையும் நான் பார்த்தேன். முக்கு பேக்கரிக்காரன் சொல்லியிருப்பான். "ஆறுச்சாமியவா கூட்டிட்டுப் போறீங்? அந்தாளு எந்தப் பக்கம் பேசுவாருன்னு அவருக்கே தெரியாதுங்." அதுதானே? முப்பது வருஷமாக இந்த ஊர் அதைத்தான் சொல்கிறது. சொன்னவன் எவனாவது அன்றைக்கு அந்த அறையில் இருந்தானா? ஒருவனும் இல்லை. இருந்தவர்கள் நாலு பேர். அதில் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவர்கள் இரண்டு பேர். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டறிக்கையில் படித்தது. மில் கேட் முன்னால் எவர் நோட்டீஸ் கொடுத்தாலும் வாங்குவேன். கூலி என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, பஞ்சு விலை ஏறினால் நம் வயிறு ஏன் சுருங்குகிறது, எல்லாம் அதில் தெரிந்துகொண்டதுதான். அந்தக் காலத்து நோட்டீஸ் ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மற்றவர்கள் அதில் பொரி கட்டுவார்கள். நான் அந்த வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். முன்பக்கம் 'கூலியை உயர்த்து' என்று இருந்தால், பின்பக்கம் 'எதற்காக உயர்த்த வேண்டும்?' என்று எழுதுவேன். எதிராளி என்னவெல்லாம் சொல்லக்கூடும் என்று ஒவ்வொன்றாக எழுதுவேன். முன்பக்கத்தைப் படித்தவன் எல்லாம் கோஷம் போட்டான். பின்பக்கத்தை எழுதியவன் நான் ஒருவன். எனக்கு மூளை திறந்தது அந்தப் பின்பக்கத்தில்தான்.

எங்கள் சங்கம் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு நாற்காலி. ஒரு தீபாவளிக்கு போனஸ் பேசப் போனோம். தலைவர் சென்னிமலை வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஆபீஸ் அறைக்குள் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேனேஜர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார், எங்கள் ஆட்கள் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். வெட்கக்கேடு. வெளியே வந்ததும் நான் சொன்னேன், இனிமேல் ஒத்திகை பார்க்காமல் பேச்சுவார்த்தைக்குப் போகக் கூடாது. நாடகக்காரன் ஒத்திகை பார்க்கிறான், கல்யாண மேளக்காரன் ஒத்திகை பார்க்கிறான், வயிற்றுப் பிழைப்புக்குப் பேசப் போகிறவன் பார்க்க வேண்டாமா?

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கு முன்னாலும் ஒருவர் மேசைக்குப் பின்னால் நிர்வாகமாக உட்கார வேண்டும். மற்றவர்கள் பெஞ்சில். நிர்வாகமாக உட்கார எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்பது போலப் பயந்தார்கள். நான் உட்கார்ந்தேன். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். துண்டோடு முதலாளி பேச முடியாது இல்லையா? ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவேன். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும், என் முகம் தெரியாது. நிஜ ஆபீசிலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

துண்டை மாட்டியதும் அவர் வந்துவிடுவார். அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குரல் மாறிவிடும். எனக்குத் தெரியாத வார்த்தையெல்லாம் வாயில் வரும். பின்பக்கத்தில் நான் எழுதி வைத்ததெல்லாம் வரிசையாக எழுந்து வரும். சங்கத்தில் அவருக்கு மேசைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது பழனாத்தா. ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிற பெண். கமிட்டியில் ஒரே பெண், அந்தக் கமிட்டியில் ஒரே ஆண்பிள்ளையும் அவள்தான். "ஆறுச்சாமியண்ணன் வீட்டுல கஞ்சி கேட்டாலும் தீர்மானம் வாசிக்கற மாதிரியே இருக்குமுங்" என்று என்னையே கிண்டல் செய்வாள். அவள் மேசைக்காரர் முன்னால் உட்காரும்போது மட்டும் கிண்டல் வராது.

ஒருமுறை அவள் பேச ஆரம்பித்தாள். "அய்யா, எங்க கோரிக்கை என்னன்னா..."

மேசைக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "டோக்கன் நம்பர்?"

"என்னங்கண்ணா?"

"டோக்கன் நம்பர் கேட்டேன். ரீலிங்தானே? உன் புருஷன் நம்ம கேன்டீனில்தானே இருக்கிறான்? போன வாரம் சர்க்கரை குறைந்தது, அவனிடம் இன்னும் விசாரிக்கவில்லை. நீ சொல்லு, உன் கோரிக்கை என்ன?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு சிரித்தாள். "சாமி, நெசமாலுமே பயந்துட்டனுங். அண்ணனாட்டவே இல்லீங். அந்தாளு யாரு?"

அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த பரிசு. கேட் மீட்டிங்கில் என் பேச்சுக்குக் கை தட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. 'அந்தாளு யாரு' என்று ஒருத்தி கேட்டாளே, அது.

எதற்கு இதையெல்லாம் செய்தேன்? அவர்கள் உறுதியாக வேண்டும் என்று. மேசைக்காரரிடம் தோற்றுத் தோற்று, நிஜ மேனேஜரிடம் ஜெயிக்க வேண்டும் என்று. ஜெயித்தோமே. போனஸ் வாங்கினோம். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வைத்தோம். அதையெல்லாம் இந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறதா? கழிப்பறைக்குப் போகிறவள் எவளாவது ஆறுச்சாமியை நினைக்கிறாளா? விடுங்கள்.

மருதாசலம் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் விஷயமே.

மருதாசலம் புளோ ரூமில் வேலை. பஞ்சு மூட்டையைப் பிரித்து மெஷினில் போடுகிற இடம். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டி, ஷிப்ட் முடிந்து வரும்போது கிழவன் மாதிரி வருவான். எனக்குத் தம்பி மாதிரி. மாதிரி என்ன, தம்பிதான். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டருகே ஒரு சூப்பர்வைசர் பழனாத்தாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். உங்கள் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. மருதாசலம் அவனை ஓங்கி அறைந்தான். அன்று சாயங்காலமே அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் மில் நின்றது. ஒரே கோரிக்கை. மருதாசலத்தைத் திரும்ப வேலைக்கு எடு. கூலி கேட்கவில்லை, போனஸ் கேட்கவில்லை. ஒரு மனிதனைக் கேட்டோம். ஒரு மாதம் தாண்டியும் ஒருவரும் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வீடு பாத்திரம் காலியாயிற்று. மருதாசலத்துக்கு மூன்று பெண் குழந்தைகள். அவன் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சங்க அறையிலேயே படுத்துக்கிடந்தான். "அண்ணா, என்னைய எடுப்பாங்களா?" என்று தினம் கேட்பான். "எடுக்க வைப்பேன்" என்று தினம் சொல்வேன்.

பேச்சுவார்த்தைக்குத் தேதி குறித்தார்கள். நாங்கள் ஒத்திகையில் உட்கார்ந்தோம். அந்தத் தடவை மேசைக்காரர் மாதிரி ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சூப்பர்வைசரை அடித்தவனைத் திரும்ப எடுத்தால் நாளைக்கு எவன் உத்தரவு போடுவான் என்றார். பதில் சொன்னார்கள். பெண்ணிடம் தப்பாகப் பேசியதற்குச் சாட்சி எங்கே என்றார். பதில் சொன்னார்கள். நன்றாகவே சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவருக்குப் பெருமையாக இல்லை. அவர் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்பது அவருக்குப் பிடிக்காது.

அப்போதுதான் அந்தத் துருப்புச்சீட்டை எடுத்து வைத்தார்.

அதற்கு முந்தின வருஷம் புளோ ரூமில் ஒரு தீப்பிடித்தது. சின்னத் தீதான், அணைத்துவிட்டார்கள். மெஷினில் கல் உரசித் தீப்பொறி வந்தது என்று எழுதி மூடிவிட்டார்கள். அது கல் இல்லை. மருதாசலம் மூலையில் நின்று குடித்த பீடி. பஞ்சுக்கு நடுவில் பீடி என்றால் என்ன என்று தெரியுமா? ஒரு மூச்சில் முந்நூறு பேர் போயிருப்பார்கள். அதை அவன் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தான். அழுதுகொண்டே என்னிடம் சொன்னான். என் மடியில் தலையை வைத்து அழுதான்.

மேசைக்காரர் சொன்னார். "சூப்பர்வைசரை விடு. புளோ ரூமில் பீடி குடித்துத் தீ வைத்தவனை நான் ஏன் திரும்ப எடுக்க வேண்டும்?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்றுவிட்டான். "அண்ணா, அத உங்ககிட்ட மட்டுந்தானுங்கண்ணா சொன்னேன்."

"யாருக்கு யாரு அண்ணா? இது ஆபீஸ். உட்கார்."

அவன் உட்கார்ந்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அருகில் போய்த் தோளைத் தட்டினேன். "டேய், நிர்வாகத்துக்கு இது தெரிந்திருந்தால் என்ன செய்வாய்? தெரிந்திருக்காது என்று நம்பிப் போய் உட்கார முடியுமா? அதற்குத்தான்" என்றேன். அவன் தலையாட்டினான். பிறகு எல்லோருக்கும் பதிலைச் சொல்லிக் கொடுத்தேன். அருமையான பதில். 'தொழிலாளிகளின் ஓய்வறையைப் பூட்டி அதில் பஞ்சு அடுக்கியது யார்? பீடி குடிக்க வெளியே போக விடாமல் இரட்டை ஷிப்ட் போட்டது யார்? தீயணைக்கும் வாளியில் மணலே இல்லையே, அது யார் குற்றம்? வழக்குப் போட்டால் முதலில் உள்ளே போவது யார்?' நாலு கேள்வி. நாலும் நாலு அடி. பழனாத்தா அதை மனப்பாடம் செய்துகொண்டாள். மேசைக்காரர் தீயைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நான் இடது கையைத் தூக்குவேன். அதுதான் அடையாளம். அவள் எழுந்து நாலையும் சொல்லுவாள். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தோம் தெரியுமா? மேசைக்காரரே வாயடைத்துப் போனார். நான் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

இது பாதி. மீதியைக் கேட்டால்தான் பேக்கரிக்காரன் பேச்சு எவ்வளவு மட்டமானது என்று புரியும்.

பேச்சுவார்த்தை அன்று போனோம். சென்னிமலை, பழனாத்தா, நான். மருதாசலம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் முழுவதும் அவனைச் சுற்றி நின்றது. பழைய மேனேஜரை மாற்றிவிட்டு சேஷகிரி என்று புதிதாக ஒருவரைப் போட்டிருந்தார்கள். போனதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தம்பி, எழுந்து நின்றார்! காபி வரவழைத்தார். பன் வேறு. என் மேசைக்காரர் ஒருநாளும் எவனுக்கும் காபி கொடுத்ததில்லை.

அறையில் புழுக்கம். காற்றாடி சுற்றியது, காற்று வரவில்லை. நான் துண்டால் முகத்தைத் துடைத்து மடியில் போட்டுக்கொண்டேன். மனிதன் வியர்வை துடைப்பது ஒரு குற்றமா?

சேஷகிரி பேசினார். "பாருங்க, உங்களை நான் எதிரியா நினைக்கல. அவர் அடிச்சது தப்பு. நம்ம சூப்பர்வைசர் பேசினதும் தப்புதான், நான் விசாரிச்சேன். மேல இருக்கறவங்களுக்கு நான் ஏதாவது சொல்லணும், அதான். அவர் கைப்பட ஒரு வருத்தக் கடிதம் கொடுத்தா, திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும். இதுல உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

சென்னிமலை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப சந்தோசமுங்" என்றார். பழனாத்தா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு மாதம் பட்டினி? இதற்காகவா அத்தனை ஒத்திகை? நாங்கள் ஒரு மலையோடு மோதத் தயாராகிப் போனோம். எதிரில் இருந்தவர் நனைந்த பஞ்சுப் பொதி. தொழிலாளி வர்க்கம் போராடி வென்றது என்று எழுத வேண்டும், இவர் எங்களுக்குத் தானம் கொடுக்கிறார். தானம் கொடுத்தவன் நாளைக்குத் திரும்பக் கேட்பான். வாதாடி வாங்கினால்தான் வெற்றி. இதைச் சொல்ல அங்கே ஒருவனும் இல்லை.

"உங்கள் பக்கம் இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

சேஷகிரி விழித்தார். "ஏன் சார், வேற என்ன?"

"வேற என்னவா?"

அந்தக் குரலைக் கேட்டதும் பழனாத்தா என் முழங்கையை விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரிந்தது. கை போனது தெரிந்தது. ஆனால் அவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்கள் இந்த நாற்காலிக்கு லாயக்கு இல்லை. சூப்பர்வைசரை அடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால் எவன் பயப்படுவான்? போன வருஷம் புளோ ரூமில் தீப்பிடித்ததே, கல் உரசி என்று எழுதியிருக்கிறீர்களே, கோப்பை எடுத்துப் பாருங்கள். அது கல் இல்லை. பீடி. குடித்தவன் மருதாசலம். அவனை நான் ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? இதைக் கேளுங்கள்! இதல்லவா கேள்வி!"

சொல்லி முடித்ததும் இடது கையைத் தூக்கினேன்.

தம்பி, நன்றாகக் கவனியுங்கள். நான் கையைத் தூக்கினேன். பதில் தயாராக இருந்தது. ஓய்வறை, இரட்டை ஷிப்ட், மணல் வாளி, வழக்கு. பழனாத்தா எழுந்து அந்த நாலையும் சொல்லியிருந்தால் சேஷகிரி அங்கேயே மண்டியிட்டிருப்பார். வருத்தக் கடிதம்கூட வேண்டாம் என்றிருப்பார். மருதாசலம் மாலையோடு உள்ளே போயிருப்பான். நான் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

அவள் பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, குழந்தையிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"அண்ணா, துண்ட எடுத்துத் தோள்ல போடுங்க."

அதுதான் அவள் சொன்னது. மூன்று வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று? ஒரு போராட்டத்தின் தலைவிதி அவள் நாக்கில் இருக்கிறது, அவள் என் துண்டைப் பற்றிப் பேசுகிறாள்!

சேஷகிரி பேனாவின் மூடியைத் திறந்தார். முகம் வருத்தமாகத்தான் இருந்தது. "எந்த மாசம் அந்தத் தீ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். மில் தீ விபத்து என்றால் இன்ஷூரன்ஸ், போலீஸ், எல்லாம் வரும். அப்புறம் அவரே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்ததும் மருதாசலம் ஓடி வந்தான். "என்னங்கண்ணா சொன்னாங்க?" நான் பதில் சொல்வதற்குள் சென்னிமலை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அந்த வாரமே எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். மருதாசலம் மட்டும் வெளியே.

பொதுக்குழு கூட்டி என்னை நீக்கினார்கள். "எவ்வளவு வாங்குனே?" என்று ஒருவன் கத்தினான். நான் ஒரு டீ வாங்கிக் குடித்திருப்பேனா எவனிடமாவது? என் பக்கத்தைச் சொல்ல எழுந்தேன். கேள்வியைக் கேட்டது நிர்வாகத் தரப்பு, பதில் சொல்லாதது நம் தரப்பு, எந்தத் தரப்பை விசாரிக்க வேண்டும் என்று கேட்டேன். பழனாத்தா எழுந்தாள். "நிர்வாகத் தரப்பு காபி குடுத்துதுங்கண்ணா" என்றாள். அதற்குச் சபையே சிரித்தது. சிரிப்பில் அழுகையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்தார்கள். வாதத்துக்குச் சிரிப்பா பதில்?

சேஷகிரி பிறகு கார் அனுப்பினார். ஆள் சேர்ப்பு, தொழிலாளர் விவகாரம் பார்க்க உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். காரைத் திருப்பி அனுப்பினேன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பேக்கரிக்காரன் சொன்னானா? மேசைக்காரர் போயிருப்பார். சந்தோஷமாகப் போயிருப்பார். நான் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவர் வேறு, நான் வேறு. ஒருவனாக இருந்தால் அந்தக் காரில் ஏறியிருக்க மாட்டேனா?

மருதாசலம் ஒருநாள் வந்தான். இதே அறைக்குத்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. "அண்ணா, அவரக் கூப்புடுங்க" என்றான்.

"யாரை?"

"மேசைக்காரரங்க. நான் அவருகிட்டப் பேசோணும்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. நான் துண்டை எடுத்து மாட்டினேன். அதோ அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவன் எழுந்து நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். கை கூப்பினான்.

"சாமி, நான் தெரியாமப் பண்ணிப்போட்டனுங். மூணும் பொட்டப் புள்ளைங்க. எங்கயும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. பீடிக்காரன்னு எல்லா மில்லுக்கும் சொல்லி அனுப்பிச்சிட்டாங்க. நீங்க மனசு வெச்சா எடுத்துக்கலாமுங். எடுத்துக்குங்க சாமி."

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நான் என்ன செய்ய முடியும்? அவரிடம்தான் கேட்டான். அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"முடியாது" என்றார் அவர்.

மருதாசலம் கூப்பிய கையை இறக்கினான். "சரிங்" என்றான். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். திருப்பூர்ப் பக்கம் எங்கேயோ வாட்ச்மேன் வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அப்புறம் தகவல் இல்லை.

'சரிங்' என்றா சொல்வது? ஓய்வறை இருக்கிறது, மணல் வாளி இருக்கிறது, நாலு பதிலும் அவனுக்குத் தெரியும். ஒன்றையாவது எடுத்து வீச வேண்டாமா? வீசியிருந்தால் அவர் தோற்றிருப்பார். நான் உள்ளே உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒருவனும் பதில் சொல்வதில்லை. முப்பது வருஷமாக நானே கேள்வி, நானே பதில். உங்கள் அம்மணி காதில் விழுவது அதுதான். அதிலும் பாருங்கள், என் பதில் நாளுக்கு நாள் பலம் குறைந்துகொண்டு வருகிறது. அவருக்கு வயதே ஆகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நாளைக்கு வீட்டுக்காரரிடம் போகலாம் என்றுதானே இருக்கிறீர்கள்? நாளைக்குப் போக வேண்டாம். இன்று காலையில் தெய்வசிகாமணியே தண்ணீர் மோட்டார் பார்க்க வந்திருந்தார். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உங்களுக்காக நான் பேசிவிட்டேன். கைக்குழந்தையோடு மாதக் கடைசியில் எங்கே போவார்கள் என்று கேட்டேன். மனிதர் நெளிந்தார். "எனக்கும் மனசு கேக்கலைங் பெரியவரே. மக வர்றாளேன்னு சொன்னேன். அவ மேல மாடியில இருந்துக்குவா. அவிங்க இருக்கட்டும், சொல்லிப்போடுங்க" என்றார்.

இவ்வளவுதான் அவர் பக்கம். காலி செய்யச் சொன்ன ஒரு மனிதனுக்கு ஒரு காரணம் வேண்டாமா? மகள் வருகிறாளாம், மாடியில் இருப்பாளாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். முழுவதும் கேளுங்கள்.

உங்கள் அம்மணி உள்ளறையில் ஓவர்லாக் மெஷின் போட்டுப் பனியன் தைக்கிறார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார், ஆனாலும் எனக்குக் கேட்கும். வீட்டு மின் இணைப்பில் தொழில் மெஷின். தெரிந்தால் மின்வாரியத்து ஆட்கள் வந்து இந்த லைன் வீடு முழுவதுக்கும் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள், வழக்கு வீட்டுக்காரர் பெயரில் வரும். இதைவிட ஒரு காரணம் உண்டா? இது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. கையில் இவ்வளவு பெரிய காரணத்தை வைத்துக்கொண்டு, இருக்கட்டும் சொல்லிப்போடுங்க என்கிறார். மேசைக்காரர் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

பயப்படாதீர்கள். பதில் இருக்கிறது. யோசித்து வைத்திருக்கிறேன், வலுவான பதில். ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. சாயங்காலம் கரண்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாகத் தெய்வசிகாமணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை நேரம் இருக்கிறது, ஒருதரம் சொல்லிப் பார்த்துவிடலாம்.

துண்டை மாட்டிவிடுகிறேன், இப்படி வந்து நில்லுங்கள். நேராக. ம்.

உன் வீட்டில் மெஷின் ஓடுகிறதா, இல்லையா?

சொல்லுங்கள் தம்பி. கதவை எதற்குத் திறக்கிறீர்கள்? கை தூக்கிவிட்டேன், பாருங்கள். சொல்லுங்கள்.